அளவுக்கல்

என் தம்பி செல்லமுத்துவின் மேல் முதலில் கை வைத்தவன் வெளியூர்க்காரன் இல்லை. எங்கள் பெரியம்மா மகன் செம்மல்தான். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள். அந்தோணியார் கோயில் வாசலில், உச்சி வெயிலில், ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். எங்கள் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர்கள். கூட்டமாகச் சேர்ந்துவிட்டால் ஆளைக் கொன்றுவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்கள்.

அடித்த காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கடல் மட்டத்தை அளப்பதற்காக வைத்திருந்த கல்லை என் தம்பி நாலு விரல் உயரம் தூக்கி வைத்துவிட்டான்.

எங்கள் ஊர் ஏந்தல்பட்டினம், மணமேல்குடிக்குத் தெற்கே பாக் விரிகுடாவை ஒட்டிய சின்ன ஊர். கடலுக்குள் நீளும் படகுத்துறை ஜெட்டியின் நுனியில் கடல் மட்டம் பார்க்கும் கருவி ஒன்று நிற்கிறது. தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் ராப்பகலாகக் குறித்துக்கொண்டே இருக்கும். ஆனால் ஜெட்டி கொஞ்சம் அமுங்கினாலும், கருவியைக் கழற்றி வேறு மாட்டினாலும் கணக்குத் தப்பிவிடுமாம். அதனால் கரையில் அசையாத கல் ஒன்று வேண்டும். அந்தக் கல்லிலிருந்துதான் கருவியின் உயரத்தைப் பிடிப்பார்கள். அது எங்கள் கோயில் படியில் இருந்தது. நடுவில் பித்தளைக் குமிழ் பதித்த சதுரக் கல். நான் பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் அதைப் பதித்துவிட்டுப் போன அதிகாரி, "இதக் கண்ணாப் பாத்துக்கங்க. நாளைக்குக் கடல் எவ்வளவு ஏறியிருக்குன்னு இதுதான் சொல்லும்" என்றார்.

கண்ணாகத்தான் பார்த்துக்கொண்டோம். அதன் மேல் பிள்ளைகளைக் கால் வைக்க விட்டதில்லை. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்ற வரும் பெண்கள் அந்தக் கல்லுக்கும் ஒன்று ஏற்றுவார்கள். கோயிலுக்கு வெள்ளையடிக்கும்போது கல்லைச் சுற்றி நீலத்தில் ஒரு பட்டை தீட்டுவார்கள். அதை அளவுக்கல் என்றுதான் சொல்வோம், ஆனால் மரியாதை சாமிக்குக் கொடுக்கிற மரியாதை.

கஜா புயலில் ஜெட்டியில் இருந்த பழைய கருவி கடலோடு போனது. கோயில் கூரையும் போனது. கருவிக்கு அரசாங்கம் மெதுவாகத்தான் வந்தது. கோயிலை நாங்களே எடுத்துக் கட்டினோம். தளத்தை உயர்த்திக் கிரானைட் போடும் வேலை என் தம்பிக்கு. படகில் ஏறினால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான் என்பதால் கொத்தனார் வேலைக்குப் போனவன் அவன். கத்தாரில் கொஞ்ச காலம் தரை போட்டுக் கை தேர்ந்து வந்திருந்தான். பழைய படியின் மேல் கிரானைட் வந்தால் அளவுக்கல் அடியில் மூடிப்போகும். அதற்கு அவனுக்கு மனசு வரவில்லை. கல்லை அலுங்காமல் பெயர்த்து, கழுவித் துடைத்து, புதுப் படியில் மட்டம் பார்த்துப் பதித்தான். குமிழைப் புளி போட்டுத் துலக்கினான். ஊரே வந்து பார்த்துக் கைதட்டியது.

பிறகு புதுக் கருவி மாட்ட வந்த ஒப்பந்தக்காரர் ஆட்கள், பளபளவென்று இருந்த கல்லைப் பார்த்து அதிலிருந்தே உயரம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். படி புதுசாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தை கேட்க அவர்களுக்கு வாய் இல்லை. அவர்களை யாரும் அடிக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு வந்தது வினை. கடற்கரைக்குக் கல் சுவர் போடுவதற்காக எந்த ஊரில் கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஏறவில்லை என்று வந்தது. வாசலில் வந்து நிற்கிற கடலை ஏறவில்லை என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? சுவர் அடுத்த ஊரான தோப்புமுனைக்குப் போனது. அவர்கள் கடலுக்குள் நீட்டிக் கல்லைக் கொட்டியதும் எங்கள் பக்கம் மணல் வந்து சேர்வது நின்றது. கரை அறுக்க ஆரம்பித்தது.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் செம்மலின் வீட்டுச் சுவரைக் கடல் தள்ளியது. அவன் மனைவி அன்புச்செல்வி உள்ளே கேஸ் சிலிண்டரை நகர்த்திக்கொண்டிருந்தாள். சுவர் மொத்தமும் அவள் மேல் விழுந்தது. செங்கல்லைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டோம். அள்ளிய பள்ளத்தை அலை வந்து வந்து நிரப்பியது. செம்மல் கழுத்தளவு தண்ணீரில் மூழ்கி மூழ்கித் தேடினான். எடுக்கும்போது உயிர் இல்லை, நெஞ்சு அப்படியே அமுங்கிப் போயிருந்தது. என்னை மதினி மதினி என்று வாய் நிறையக் கூப்பிடுவாள் அந்தப் பெண்.

அடக்கம் முடிந்த கையோடு எங்கள் ஆண்கள் தோப்புமுனைக்குக் கிளம்பினார்கள். கையில் கிடைத்தது துடுப்பு, இரும்புக் கம்பி, அரிவாள். அங்கே அவர்கள் தயாராக இருந்தார்கள். ஒருவனுக்குக் காது அறுந்து தொங்கியது. ஒருவனுக்கு மண்டை பிளந்தது. பள்ளிக்கூடத்து மதில் ஓரம் ரத்தமும் மணலும் குழைந்து கிடந்தது. அடித்த பெருமையோடு திரும்பி வந்தால், எங்கள் கரையில் படகுகள் எரிந்துகொண்டிருந்தன. அவர்களில் கொஞ்சம் பேர் கடல் வழியாக வந்து தீ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

எரிந்ததில் என் புருஷன் நல்லதம்பியின் படகும் ஒன்று. ஃபைபர் படகு எரிந்தால் மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. எஞ்சின் மட்டும் கறுத்துக் கிடந்தது. நல்லதம்பி வாயில்லாப் பூச்சி. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அன்று அந்த எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தவர் பொழுது சாயும் வரை முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி அழுதிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தேன்.

போலீஸ் வந்து இரண்டு ஊருக்கும் நடுவில் வேனை நிறுத்தியது. அடிக்க ஆள் இல்லாமல் எல்லோர் கையும் துறுதுறுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வைஷ்ணவி வந்தாள்.

கடல் ஆராய்ச்சி செய்கிற பெண். முப்பது வயதுகூட இருக்காது. விரிகுடாவைச் சுற்றி மற்ற எல்லாக் கருவிகளும் கடல் ஏறுகிறது என்று சொல்லும்போது ஏந்தல்பட்டினம் மட்டும் இல்லை என்கிறதே, எங்கோ தப்பு இருக்கிறது என்று அவளாகவே கிளம்பி வந்திருந்தாள். முக்காலி, தொலைநோக்கி, கோடு போட்ட நீளமான கோல் எல்லாம் இறக்கினாள். சுவருக்கு வழி பிறந்தது என்று ஊரே கோயில் வாசலில் கூடியது. கோலைக் கல்லின் மேல் நிறுத்தப் போனவள் அப்படியே நின்றாள். குனிந்து படியைத் தடவிப் பார்த்தாள்.

"இந்தப் படி புதுசா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க, கஜாவுக்குப் பொறகு போட்டது" என்றாள் கோயிலைக் கூட்டிப் பெருக்கும் ஆரோக்கியம்மாள்.

"அப்ப இந்தக் கல்லு? இத யாராச்சும் நகத்துனீங்களா?"

"நகத்தலைங்க. அலுங்காமத் தூக்கி மேல வச்சோம். கடத்தண்ணி படக்கூடாதுல்ல? எல்லாம் நம்ம செல்லமுத்து வேலை. எம்புட்டு அழகா வச்சிருக்கான் பாருங்க!"

செல்லமுத்துவை முதுகில் தட்டி முன்னால் தள்ளினார்கள். அவன் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே வந்து நின்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கடலுக்குப் போகாத பயல் என்று அவனைக் கேலி செய்த வாயெல்லாம் அன்று அவன் பேரைச் சொன்னது.

வைஷ்ணவி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க தூக்குனீங்க? அது இருந்த எடத்துலயே இருக்கணும். அதுக்குத்தாங்க அந்தக் கல்லே" என்றாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நிதானமாக விளக்கினாள். "கடல் ஏறியிருக்கு. கிட்டத்தட்ட அதே அளவு கல்லும் மேல போயிடுச்சு. கல்லுலேருந்து பாத்தாக் கடல் இருந்த எடத்துலயே இருக்கற மாதிரிதான தெரியும்? அதனாலதான் ஏறலைன்னு வந்திருக்கு. அதனாலதான் ஒங்களுக்குச் சுவர் வரல."

படித்த பெண். எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உண்மையை எந்த இடத்தில் வாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் சொன்னது ஒவ்வொரு தலைக்குள்ளும் இறங்குவது எனக்குத் தெரிந்தது. கல் ஏறியதால் சுவர் வரவில்லை. சுவர் வராததால் அன்புச்செல்வி செத்தாள், படகு எரிந்தது.

"எம் பொண்டாட்டியக் கொன்னது நீதானாடா?" என்று கேட்டு, செம்மல் அறைந்தான்.

செல்லமுத்து கையை ஓங்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நல்லதுன்னு நெனச்சுத்தானடா செஞ்சேன்" என்றான். அதைக் கேட்டதும் செம்மலுக்கு வெறி கூடியது. வயிற்றில் குத்தினான். விழுந்தவனைச் சுற்றி ஆட்கள் மூடிக்கொண்டார்கள்.

"விடுங்கடா! அவன் வச்சப்ப நீங்கதானடா கைதட்டுனீங்க!" என்று கத்தினேன். யார் காதில் ஏறும்? கைதட்டியவனெல்லாம் காலைத் தூக்கினான். உதை விழும் சத்தம் நெல்மூட்டையை இறக்கிப் போடுகிற மாதிரி தொம் தொம் என்று கேட்டது. நான் உள்ளே நுழைந்தேன். முடியைப் பிடித்து வெளியே இழுத்து எறிந்தார்கள். மறுபடி நுழைந்து எவன் கையென்று பார்க்காமல் கடித்தேன். வாயில் ரத்தம் கரித்தது. வைஷ்ணவி கீழே போட்டிருந்த கோல் கையில் அகப்பட்டது. கடலை அளக்கிற கோலால் ஊரை அளந்தேன். தலையென்றும் தோளென்றும் பார்க்கவில்லை. தம்பியின் மூஞ்சியில் மிதித்துக்கொண்டிருந்த எழிலரசன் நெற்றி பிளந்து உட்கார்ந்தான். கோல் இரண்டாக வளைந்து போனது.

வளைந்த கோலோடு நிற்கும்போதுதான் அதைப் பார்த்தேன். செல்லமுத்து ஒருக்களித்துக் கிடந்தான். வாயும் மூக்கும் ஒன்றாகிப் போயிருந்தன. எழுந்துகொள்ளக் கையை ஊன்றினான். பக்கத்து வீட்டுச் சேவுகன் அந்த மணிக்கட்டின் மேல் ஏறி மிதித்தான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கால் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், அவசரமில்லாமல், விலாவில் ஒரு உதை. பிறகு இன்னொன்று. நல்லதம்பியின் கால். என் புருஷன் முகத்தில் கோபம்கூட இல்லை. படகு எரிந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.



அதற்குள் செம்மல் கடப்பாரையோடு வந்துவிட்டான். "மொதல்ல இவன், பொறகு கல்லு" என்றான். வட்டம் விலகி வழி விட்டது. அவன் இரண்டு கையாலும் கடப்பாரையைத் தூக்கினான். நான் போட்ட அலறலில் என் தொண்டையே கிழிந்திருக்கும்.

வைஷ்ணவி ஓடிவந்து செல்லமுத்துவின் தலைமாட்டில் முழங்கால் போட்டு விழுந்தாள். "அவர் செத்தா ஒங்க சுவரும் செத்துச்சு!" என்று கத்தினாள். "பழைய கல் இருந்த குழி இந்தக் கிரானைட்டுக்கு அடியில எங்க இருக்குன்னு வேற யாருக்குத் தெரியும்? யாராச்சும் சொல்லுங்க பாப்போம்! தப்பான எடத்துல ஒடச்சா அந்த மட்டம் அழிஞ்சிடும். அது இல்லாமக் கடல் ஏறுச்சுன்னு நான் எத வச்சுக் காட்டுவேன்?"

கடப்பாரை மேலேயே நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியாது. பழைய படியின் நீள அகலமே மாறி, மேலே ஒரே கிரானைட்டாகக் கிடந்தது. படுதா கட்டி உள்ளே தனியாக வேலை செய்தவன் அவன். சித்தாள்கள் எங்கேயோ வடக்கிலிருந்து வந்து போனவர்கள்.

செம்மல் கடப்பாரையைக் கீழே போட்டான். அடித்த கைகளே என் தம்பியைத் தூக்கின. "மெதுவா, மெதுவா, தலையப் புடி" என்று அக்கறையாகச் சத்தம் போட்டார்கள். நான் ஆவுடையார்கோவிலுக்கும் அரிமளத்துக்கும் மீன் கொண்டுபோகிற வேனில்தான் படுக்க வைத்தார்கள். இரக்கத்தில் நிறுத்தினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவனிடமிருந்து ஒரு பதில் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் உயிரோடு விட்டார்கள்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தான். மணிக்கட்டில் மாவுக்கட்டு. விலா எலும்பு முறிந்து, மூச்சு விடுவதே அவனுக்கு வேலையாக இருந்தது. வார்டுக்கு வெளியே ஊர் காத்துக்கிடந்தது. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், இளநீர் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. நர்ஸ் என்னிடம், "ஊருல இவருக்கு அவ்வளவு செல்வாக்காக்கா?" என்று கேட்டாள்.

பேச்சு வந்ததும் செல்லமுத்து வைஷ்ணவியைத்தான் கூப்பிடச் சொன்னான். நான் அவன் காதருகே குனிந்து, "சொல்லாதடா. ஆளு தேறி வீட்டுக்கு வா, பொறகு பாத்துக்கலாம்" என்றேன். அவன் கேட்கவில்லை. "வாசலப் பாத்து நின்னா வலதுகை ஓரம், ரெண்டாவது கிரானைட்டு. பழைய குழிய ஒடைக்கல. மணல் போட்டு மூடித்தான் வச்சிருக்கேன்" என்றான். வீங்கிய வாயால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

சொன்ன இடத்தில் சொன்னபடியே இருந்தது. வைஷ்ணவி அளந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள். விரிகுடா முழுக்க எப்படியோ அப்படியே எங்கள் ஊரிலும் கடல் ஏறியிருக்கிறது. கணக்கைத் திருத்தி அனுப்பிவிடுவாள். வராந்தாவில் விசில் பறந்தது. செம்மல் உள்ளே வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். செல்லமுத்து மாவுக்கட்டுக் கையால் அவன் முதுகைத் தடவினான். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு ஆறவில்லை.

கிளம்பப் போன வைஷ்ணவியிடம் கேட்டேன். "சுவர் வந்துட்டாக் கடல் நின்னுருமா தாயி?"

அவள் தோளில் மாட்டிய பையைக் கீழே வைத்தாள். "நிக்காதுக்கா. வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டேதான் இருக்கும். சுவர் கொஞ்ச காலம் தாங்கும்."

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. கடல் மறுபடி வரும். மறுபடி ஒரு சுவர் விழும், ஒரு படகு போகும், யாரோ சாவார்கள். அலையை யாராலும் அறைய முடியாது. அப்போது இவர்கள் யாரைத் தேடுவார்கள்? ஒருமுறை கைக்கு வசப்பட்டவன் இருக்கிறானே. அடுத்த முறை அவனிடமிருந்து தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சம் இருக்காது.

இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். ஊர் விஷயம் ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் ஊர்க்கட்டு. மீறினால் ஊர்விலக்கு. எனக்கு ஏலத்தில் ஒரு கூடை மீன்கூடக் கிடைக்காது, ஒரு வீட்டு வாசலில் நிற்க முடியாது. எல்லோருக்கும் அது தெரியும். அதனால் யாருக்கும் பயம் இல்லை. வார்டு வாசலில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"யாருப்பா அடிச்சது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யாரும் அடிக்கலைங்க சார். சாரத்துலேருந்து விழுந்துட்டேன்" என்றான் செல்லமுத்து.

அவர் நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. ஒங்க பேரென்ன?"

"சந்தனமேரி. இவன் கூடப்பொறந்தவ."

"நீங்க அங்க இருந்தீங்களா?"

வாசலைப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லமுத்து, "அக்கா, வேணாம்க்கா" என்றான்.

"இருந்தேன் சார். சாரமும் இல்லை, ஒண்ணும் இல்லை. மொதல்ல அடிச்சது செம்மல், எங்க பெரியம்மா மகன். கடப்பாரையத் தூக்குனதும் அவன்தான். கையில ஏறி மிதிச்சது சேவுகன். எழிலரசன் மூஞ்சியில மிதிச்சான். அவன் மண்டைய நான் ஒடச்சேன், அதையும் எழுதிக்கங்க." அவர் எழுதி முடிக்கும் வரை நிறுத்தினேன். "பொறகு நல்லதம்பி. விலாவுல, ரெண்டு தரம்."

இன்ஸ்பெக்டர் தலை நிமிர்ந்து, "நல்லதம்பி யாரு?" என்று கேட்டார்.

"எம் புருசன் சார்" என்றேன். "அந்தா, என் தம்பிக்குக் கொடுக்க இளநீரோட நிக்கிறாரே, அவருதான்."